பெட்டியின் பின்கோடு

எனக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. இருபத்தோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. பத்து மணிக்கு மேல் மைதானத்தில் நின்றால் பின்மண்டையில் ஒரு வலி தொடங்கிச் சாயங்காலம்வரை இருக்கும். சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அதை ஒரு காரணமாக நான் சொல்லவில்லை. வலியில்லாத நாளாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு குழு போட்டு விசாரித்து மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். ஆயா பாப்பம்மாள் மைதானத்தில் தவறான பொடியைப் போட்டுவிட்டாளாம். அதனால் ஜாஸ்மின் என்ற பதினேழு வயதுப் பெண்ணுக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பாப்பம்மாளை வேலையைவிட்டு நிறுத்தியாகிவிட்டது. நானும் கையெழுத்துப் போடவேண்டும் என்று அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்துப் பார்த்தேன். கவனக்குறைவு என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தது.

பாப்பம்மாள்மேல் இரக்கப்பட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஆறு மாதத்தில் வேறு எங்காவது பெருக்கிக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறுக்காதது அந்தச் சொல்தான். அன்றைக்கு அந்த மைதானத்தில் கவனத்தோடு செய்யப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். அதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

சாஃப்ட்பால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்தில் அதை ஆடுகிறவர்களுக்கே தெரியாது. ஒருத்தி பந்து வீசுவாள், ஒருத்தி உருண்டை மட்டையால் அடித்துவிட்டு ஓடுவாள். அடிக்கிறவள் ஒரு பெட்டிக்குள் நின்று அடிக்கவேண்டும். பெட்டி என்றால் தரையில் வெள்ளைக் கோட்டால் போட்ட நீள்சதுரம். ஏழடி நீளம், மூன்றடி அகலம். காலை வெளியே வைத்து அடித்தால் அவுட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கெட்டிக்காரிகள் என்ன செய்வார்கள் என்றால், பெட்டிக்குள் வந்ததும் பின்கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிடுவார்கள். பிறகு அரையடி பின்னால் தள்ளி நிற்கலாம். பந்தைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். கோடே இல்லாததால் வெளியே நிற்கிறாள் என்று நடுவரால் சொல்ல முடியாது. இதற்கு விதிப்புத்தகத்தில் தண்டனை இருக்கிறது. மட்டை பிடிக்கிற பக்கம் வேண்டுமென்றே கோட்டை அழித்தால் ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவுட். எதிர்ப்பக்கம் அழித்தால் மட்டை பிடிக்கிறவளுக்கு ஒரு பந்து லாபம். மிகச் சிறிய தண்டனை. நாகரிகமானவர்களுக்காக எழுதப்பட்டது.

வேண்டுமென்றே அழித்தாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நான் பெங்களூரில் நடந்த நடுவர் பயிற்சியில் கேட்டேன். பன்னிரண்டு நாள் பயிற்சி. வந்திருந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் லால்பாக் பார்க்கவும் புடவை வாங்கவும் வந்தவர்கள். கேள்வி கேட்டவள் நான் ஒருத்திதான். பயிற்சி கொடுத்தவர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, பார்த்தால் தெரியும் என்றார். அது பதில் அல்ல. ஊருக்கு வந்து நானே வகுத்துக்கொண்டேன். ஊன்ற இடம் தேடுகிறவள் காலை முன்னும் பின்னும் இழுப்பாள். அழிக்கிறவள் கோட்டின் நீளத்துக்குப் பக்கவாட்டில் தேய்ப்பாள். ஒருமுறை தேய்த்தால் பழக்கம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது முறையும் தேய்த்தால் வேண்டுமென்றே. ஒன்பது வருடமாக இதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இது வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் அண்ணன் தம்பி அரிவாள் எடுக்கிற ஊர். கம்பெனிகள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எல்லைக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்கள் பெற்ற பெண்கள் மைதானத்தில் ஒரு கோட்டை அழித்தால் மட்டும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தன் நிலத்துக் கோடு என்றால் உயிர். பொதுக்கோடு என்றால் சுண்ணாம்பு.

சனிக்கிழமை, ஆகஸ்ட் இருபத்துநாலு, அரை இறுதி. மணிமங்கலத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில்தான் வட்டாரப் போட்டி. எங்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, தோற்க வேண்டியவர்கள்தான். நடுவர் பயிற்சி பெற்றவள் நான் ஒருத்தி என்பதால் எல்லா ஆட்டத்துக்கும் நானே நடுவர். ஜாஸ்மின் வல்லக்கோட்டைப் பக்கத்து அணி. கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பாள். அவளுக்கு ஷூ ஒத்துவராது, வெறுங்காலோடு ஆடுவாள். தரை சுடுகிறது என்று மட்டை பிடிக்க வருமுன் ஒரு சொம்புத் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றிக்கொள்வாள். ஈரக்காலோடு பெட்டிக்குள் வந்து முதல் வேலையாகப் பின்கோட்டைத் தேய்ப்பாள். ஈரக்கால் பட்டால் கோடு துடைத்த மாதிரிப் போய்விடும்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது. இரண்டாவது முறை தேய்த்தாள். மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்து அவுட் என்றேன். அவள் போகவில்லை. போட்டியின் செயலாளர் கோதண்டராமன் சார் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். கையில் பாதி குடித்த கோலி சோடா.

"இன்னா டீச்சர், ஆட்டத்த நிறுத்திட்டீங்க?"

"கோட்ட அழிச்சா சார், ரெண்டு தடவ. ஸ்ட்ரைக் குடுத்துட்டேன்."

"இது எந்த ரூல்ல கீது?"

"புக்குல இருக்கு."

"புக்கு உங்க ஒருத்தர்கிட்டதான கீது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "மறைமலை நகர் கம்பெனிலேர்ந்து ரெண்டு பேரு வந்து குந்திகினுகீறாங்க. ஸ்டேட் மேட்ச்சுக்குப் போற பொண்ணுங்களுக்கு வேல குடுக்கறாங்களாம். இங்க தேறுறது இது ஒண்ணுதான். அத்தப் போயி கோட்ட அழிச்சா, கீட்ட அழிச்சான்னு வூட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களே."

"டீச்சருக்கு ஒரு டப்பா சாக்பீஸு வாங்கியாந்து குடுங்கப்பா" என்று பந்தலில் எவனோ சொன்னான்.

அப்போது ஜாஸ்மின் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னிடம், "கோடு அழிஞ்சா இன்னா டீச்சர், கிரவுண்டா அழிஞ்சிபோச்சி?" என்றாள்.

இதற்கு வந்த சிரிப்பு முந்தையதைவிடப் பெரியது. கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள். கோதண்டராமன் என் தீர்ப்பைக் கையாலேயே துடைத்துவிட்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அடுத்த பந்தை அவள் ஏரிக்கரைக்கு அடித்தாள். அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. கோபம் சமமானவர்கள்மேல் வருவது. எனக்கு வந்தது ஒருவகைத் தெளிவு. வீட்டுக்குப் போகாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து என்னை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். அது என் வழக்கம். தனியாக இருக்கிறவளுக்குத் தன் மனதைப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அவமானம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஆனால் கொஞ்சம்தான், செருப்பில் மாட்டிய கல் மாதிரி. அந்தப் பெண்மேல் வெறுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு மாடு வேலியைத் தாண்டினால் மாட்டை யாரும் வெறுப்பதில்லை. வேலி உயரமாக இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

பிறகு விதிப்புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். தண்டனை கொடுக்கிறவர் நடுவர் என்று இருந்தது. அந்த நடுவரின் வாயை மத்தியானம் அடைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே பெண் அழிப்பாள், நான் ஸ்ட்ரைக் என்பேன், அதே சோடா பாட்டிலோடு அதே மனிதர் வருவார். விதி செத்துப்போகும். நடுவர் சொல்லித் தண்டனை நடக்காது என்றால் தண்டனை கோட்டிலேயே இருக்கவேண்டும். யாரும் வந்து ரத்துசெய்ய முடியாத மாதிரி இருக்கவேண்டும். இப்படி யோசித்தபோது எனக்குள் எந்தப் பதற்றமும் இல்லை. கணக்கு வாத்தியார் ஒரு தேற்றத்தின் கடைசி வரிக்கு வரும்போது எப்படி இருப்பாரோ அப்படி இருந்தது.

சுதந்திர தினத்துக்காகப் பள்ளிக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சூளையிலிருந்து வந்த சுண்ணாம்பில் ஒரு டின் மிச்சம், தண்ணீர் ஊற்றி நீற்றாதது, கட்டியாக அப்படியே மூடி ஸ்டோர் ரூமில் வைத்திருந்தது. நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும். வெள்ளையடிக்கிறவர்கள் அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு எட்டி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐந்து மணிக்கு ஸ்டோர் ரூமுக்குப் போய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கட்டிகளைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து மாவாக்கினேன். கோலமாவைவிட நயமாக வந்தது. கோடு போடுகிற பால் பவுடர் டின் ஒன்று இருக்கிறது, அடியில் ஆணியால் துளை போட்டது. அதில் நிரப்பி மூடிவைத்தேன். ஆறரைக்கு வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். அதே புத்தகத்தில், அந்த விதிக்கு மேலே இன்னொரு வரி இருக்கிறது. கோடு போடச் சுடுகிற பொருள், அரிக்கிற பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது. எனக்குத் தெரியும். அதையும் யோசித்தேன். அந்த வரியை மீறினால் என்ன தண்டனை என்று புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. தண்டனை சொல்லாத விதி விதியாகாது, அது வெறும் புத்திமதி. கோட்டை அழிப்பதற்குத் தண்டனை சொல்லியிருக்கிறது. ஆகையால் அதுதான் பெரிய விதி. பெரியதைக் காப்பாற்றச் சின்னதைத் தள்ளிவைப்பது எந்தச் சட்டத்திலும் உண்டு. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பாப்பம்மாள் வந்தாள். டின்னைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யம்மா, இது சூளைச் சுண்ணாம்பு. தண்ணி காட்டாதது. மேல பட்டா பொத்துப்பூடும்."

"கையில துணிய சுத்திக்கோ."

"எப்பவும் கோலமாவுதானம்மா போடுவோம்."

"மத்தக் கோட்டுக்கெல்லாம் கோலமாவு போடு. பெட்டிக்கு மட்டும் இது. பளிச்சுன்னு தெரியணும்."

"பசங்க வெறுங்கால்ல ஆடுதுங்களேம்மா."

"கோட்டுமேல எதுக்குக் கால வைக்கணும்?"

அவள் முந்தானையைக் கிழித்தமாதிரி ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தாள். நான் டீச்சர், அவள் ஆயா. இதை ஒரு வார்த்தை விடாமல் அவள் குழுவிடம் சொல்லியிருக்கிறாள். அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. தப்பிக்கப் பார்க்கிறாள் என்று முடிவுசெய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திதான் அந்த வளாகத்தில் உண்மையைச் சொன்னாள். படித்தவர்கள் அதை அடித்துவிட்டார்கள்.

மற்றப் பெண்களுக்கு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். ஜாஸ்மின் அணியில் இன்னும் மூன்று பேர் வெறுங்கால்தான். அவர்கள் கோட்டை அழிக்கிறவர்கள் அல்ல. பெட்டியின் நடுவில் பயந்துகொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல விதி அப்படித்தான் இருக்கவேண்டும், மீறாதவர்களுக்கு அது இருப்பதே தெரியக் கூடாது. அழிக்கிறவளுக்குப் பாதம் கொஞ்சம் வெந்துபோகும், பத்து நாள் நடக்க முடியாது, கோடு என்றால் என்ன என்று ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஆட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கியது. பந்தலில் முந்தின நாளைவிடக் கூட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில், பதினொரு மணி இருக்கும், ஜாஸ்மின் அந்தக் கோட்டில் கைவைத்தாள். பிறகு வியர்வை வழிகிறது என்று இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. மட்டையை எடுத்தாள். பந்து வந்தது, மட்டை அவள் கையிலிருந்து விழுந்தது. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கோதண்டராமன் சோடாவில் கைக்குட்டையை நனைத்து அவள் கண்ணை அழுத்தித் துடைத்தார். பொடி உள்ளே நன்றாக ஏறியது. ஒருத்தி கோயிலுக்கு வாங்கிய விளக்கெண்ணெயைக் கொண்டுவந்தாள். குடம் குடமாகத் தண்ணீரை விடாமல் கால் மணி நேரம் ஊற்றியிருக்கவேண்டும். எட்டாம் வகுப்புக்கு முதலுதவிப் பாடம் நடத்துகிறவள் நான்தான். அடிபைப் பதினைந்து தப்படி தூரத்தில் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. முந்தின நாளே என்னிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவுசெய்தவர்கள் அவர்கள். அவளுடைய அப்பா யாகப்பன் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிற ஆள். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். கம்பெனிக்காரர்களுடைய வேனில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேன் வேலைக்கு ஆள் பார்க்க வந்தது. இனி அந்த வேலை இல்லை.

இதுதான் நடந்தது. உங்கள் எழுத்தர் எழுதிமுடிக்கட்டும்.

கோட்டைக் காலால்தானே அழிப்பாள், கை எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட ஒரே நல்ல கேள்வி இது. குழுவில் இருந்த ஐந்து பேரில் யாருக்கும் தோன்றவில்லை. நான் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொன்னால் நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. ஆனாலும் ஒரு வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்கவேண்டும்.

அன்று காலை எட்டரைக்கு யாகப்பன் சைக்கிளில் மகளை உட்காரவைத்து ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, இது நேத்து வாய்த்துடுக்கா பேசிச்சாம். ராத்திரிதான் சொல்லிச்சி. தாயில்லாத பொண்ணு. மன்சுல வச்சிக்காதீங்க. கேளு பாப்பா."

"சாரி டீச்சர்" என்றாள். முந்தின நாள் பந்தலைச் சிரிக்கவைத்த குரல் அதில் இல்லை. "எனக்கு யாரும் சொல்லித் தர்ல டீச்சர். பின்னால போனா பந்து நல்லாத் தெரிது, அதான் போனேன். ஸ்டேட்ல இப்டி நின்னா அனுப்பிச்சுடுவாங்களா?"

"அனுப்பிடுவாங்க."

"உள்ளயே நின்னுகினு எப்டி டீச்சர் அடிக்கிறது?"

எழுந்து வெளியே வந்து காட்டினேன். பின்காலில் கனத்தைப் போடவேண்டும், முட்டியை மடக்கவேண்டும், மட்டையை இரண்டு விரற்கடை மேலே பிடிக்கவேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொன்னதும் பிடித்துக்கொண்டாள். எங்கள் பள்ளிப் பெண்களுக்கு இதைப் புரியவைக்க மூன்று மாதம் ஆகும், அதன் பிறகும் புரியாது. இருபத்தோரு வருடத்தில் சொன்னதை அப்படியே உடம்பில் வாங்கிக்கொண்ட பெண் அவள் ஒருத்திதான். அதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

"இனிமே அழிக்க மாட்டேன் டீச்சர்" என்றாள். "சத்தியமா."

"நல்லது" என்றேன்.

அவள் முதுகுக்குப் பின்னால் மைதானத்தில் பாப்பம்மாள் பெட்டியைப் போட்டு முடித்துவிட்டு, கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பெருக்கி எடுத்துவிட்டுக் கோலமாவால் போடச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் சத்தியம் என்பது சாட்சியமாகாது. நடந்த பிறகுதான் நடுவர் எதையும் நம்பலாம். அவள் உண்மையாகவே அழிக்காமல் இருந்தால் கோடு அவளை என்ன செய்யப்போகிறது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் அதில் குறை காண முடியவில்லை.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முதல்முறை மட்டை பிடிக்க வந்தபோது ஈரக்காலோடு பெட்டிக்குள் நடுவில் வந்து நின்றாள். பின்கோட்டுப் பக்கமே போகவில்லை. நான் காட்டின மாதிரி முட்டியை மடக்கி அடித்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. எதிரணிப் பெண்கள் கான்வாஸ் ஷூ போட்டவர்கள். வருகிறபோதும் போகிறபோதும் அவர்கள்தான் கோட்டை மிதித்துக் கலைத்தார்கள். அது தெரியாமல் செய்தது, அதற்குத் தண்டனை கிடையாது. ஐந்தாவது இன்னிங்ஸ் வருவதற்குள் பின்கோடு முக்கால்வாசி போய்விட்டது. பொடி ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது.

ஜாஸ்மின் வந்து பெட்டிக்கு வெளியே நின்று கையைத் தூக்கினாள்.

"டைம் டீச்சர். கோடு போயிடிச்சி. நானே போட்டுக்கட்டுமா? அப்பால வெளிய நின்னுட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

நான் நான்கடி தூரத்தில் இருந்தேன். வேண்டாம் என்பது ஒரே சொல். பாப்பம்மாளைக் கூப்பிட்டிருக்கலாம். நடுவர் ஆட்டக்காரியோடு தேவைக்கு மேல் பேசக் கூடாது என்று அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். போட்டுக்கொள் என்று தலையசைத்தேன். பந்தலில் எவனோ, "நேத்து அழிச்சா, இன்னிக்கு வரையறாப்பா" என்று கத்தினான். அவளும் சிரித்தாள்.

குந்தி உட்கார்ந்தாள். சிதறிக் கிடந்த பொடியை இரண்டு உள்ளங்கையாலும் கூட்டி அள்ளி, விரல் இடுக்கில் விட்டு, வாசலில் கோலம் இழுக்கிற மாதிரிக் கோடு இழுத்தாள். வியர்வை முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதி போட்டவள் கையை உதறினாள்.

"கை காந்துது டீச்சர்."

"வெயில்" என்றேன்.

மீதியையும் போட்டாள். எழுந்து, பின்னால் ஒரு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், "நேரா கீதா டீச்சர்?" என்று கேட்டாள்.

பார்த்தேன். இடது முனையில் அரை அங்குலம் வளைந்திருந்தது. அதைச் சொன்னேன். அவள் தேங்க்ஸ் டீச்சர் என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்தாள்.